வலி குறைந்த நாளில்தான் கணக்கு தப்புகிறது

முடக்குவாதம், சரவாங்கி என்று சொல்லப்படும் நோய் உள்ளவர்களுக்கு மோசமான நாளை எப்படிக் கழிப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடம்பே படுக்கப் போட்டுவிடும். சிக்கல் எல்லாம் வலி குறைந்த நாளில். அன்றுதான் "இன்னிக்குக் கை நல்லா மடங்குதே" என்று பரண் சாமானை இறக்குவார்கள், சேர்ந்து கிடக்கும் துணியை ஒரே மூச்சில் துவைப்பார்கள், "இனி எதுக்கு" என்று மாத்திரையை நிறுத்துவார்கள். விலை மறுநாளோ மறுவாரமோ தெரியும். ஆனால் அதற்குள் எதனால் வந்தது என்பது மறந்திருக்கும். பழி வெண்டைக்காய் மேலும், மழைக்கால ஈரத்தின் மேலும் போய்விடும்.

முதலில் இது தேய்மானம் அல்ல. தேய்மானத்தில் எலும்பு முனையிலிருக்கும் குருத்தெலும்பு கரைகிறது. முடக்குவாதத்தில் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, நாளடைவில் எலும்பை அரிக்கும். இரண்டு கையிலும் மணிக்கட்டு, விரல் தொடங்கும் முட்டி, விரலின் நடுக்கணு ஆகியவை சேர்ந்து வீங்குவது இதன் வழக்கம். நகத்தை ஒட்டிய கடைசிக் கணு பெரும்பாலும் தப்பிவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. வீட்டு வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் இருப்பதால், நோயும் வேலையும் ஒரே கையில் வந்து மோதுகின்றன.

காலை முதல் ஒரு மணி நேரம்

தேய்மானத்தில் காலை விறைப்பு பொதுவாக அரை மணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதம் அடங்காமல் இருக்கும்போது ஒரு மணி நேரம், சிலருக்கு மதியம் வரைகூட நீளும். காரணம் இருக்கிறது. அழற்சியைக் கிளப்பும் இன்டர்லூக்கின்-6 போன்ற வேதிப்பொருள்கள் பின்னிரவில்தான் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகின்றன. இரவு முழுக்க அசையாமல் கிடந்த மூட்டில் நீரும் தேங்கியிருக்கும். ஆக, காலை ஐந்தரைக்குக் கை வராதது சோம்பேறித்தனம் இல்லை. நாளின் மிக மோசமான நேரத்தில்தான் நம் வீடுகள் மிகக் கடினமான கைவேலைகளை வைத்திருக்கின்றன: பால் பாக்கெட் வெட்டுவது, தேங்காய் துருவுவது, டிபன் பாக்ஸ் மூடியை அழுத்துவது.

கை நன்றாக இருப்பது பெரும்பாலோருக்குப் பிற்பகலும் மாலையும். காலை வேலையில் நகர்த்த முடிந்ததை அங்கே நகர்த்தலாம். காயை முதல்நாள் மாலையே நறுக்கி டப்பாவில் வைத்துவிடலாம். தேங்காயைத் துருவிச் சிறு சிறு பங்காக ஃப்ரீசரில் வைத்தால் ஒரு வாரத்துக்குக் கவலையில்லை. டிபன் பாக்ஸ் கிளிப் போட்டதாக இருந்தால் எடுத்துக்கொடுத்து, பூட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம்.

எழுந்ததும் தரையில் கால் வைப்பதற்கு முன், படுக்கையிலேயே ஐந்தாறு முறை விரல்களை மெல்ல மடக்கி நீட்டி, மணிக்கட்டையும் கணுக்காலையும் சுழற்றிவிட வேண்டும். பிறகு ஒரு பேசினில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, பத்து நிமிடம் கையை அமிழ்த்தி, உள்ளேயே மூடித் திறக்க வேண்டும். வெறுமனே அமிழ்த்தி வைத்தால் பாதிப் பலன்தான். விறைப்புக்குச் சூடு, கொதித்துச் சிவந்து வீங்கியிருக்கும் மூட்டுக்குக் குளிர். ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைத்தால் போதும். சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்த பாதத்தில் இரண்டுமே வேண்டாம். சுட்டது தெரியாமல் புண்ணாகிவிடும்.

எவ்வளவு நேரம் என்பதை யார் முடிவு செய்வது

'முடிந்த வரை செய்' என்பது கேட்க நல்ல அறிவுரை. நாள்பட்ட வலிக்கு அது பொருந்தாது. முடிந்த வரை செய்தால் முடியாமல் போகும் இடத்தில்தான் நிறுத்துவீர்கள், அதற்குள் எல்லை தாண்டியிருக்கும். மூட்டு உடனே சொல்வதில்லை. ஆறேழு மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையோதான் சொல்லும். பிசியோதெரபியிலும் வலி மருத்துவத்திலும் சொல்லித்தரும் வழி, வேலையை வலியால் அளக்காமல் நேரத்தால் அளப்பது.

அடுப்பருகே நிற்பதை எடுத்துக்கொள்வோம். ஐந்து நாட்கள், வலி கூடத் தொடங்கும்வரை எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 25, 10, 30, 15, 20 என்று வந்தால் கூட்டுத்தொகை 100, சராசரி 20 நிமிடம். அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 16. வசதிக்கு 15 என்று வைத்துக்கொள்ளலாம். இனி 15 நிமிடம் நின்றால் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். போனில் அலாரம் வையுங்கள். அது அடித்ததும் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உட்கார வேண்டும். இரண்டு வாரம் மறுநாள் வலி கூடாமல் ஓடினால் ஓரிரு நிமிடம் ஏற்றலாம்.

சொல்வது சுலபம். 30 நிமிடம் நிற்க முடிந்த நாளில் பதினைந்தாவது நிமிடத்தில் உட்காருவது யாருக்கும் பிடிக்காது, அதுவும் குழம்பு கொதிக்கும்போது. பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். இன்னொரு தவறு இதைவிட நுட்பமானது: ஓய்வு என்று உட்கார்ந்து பூண்டு உரிப்பது, கீரை ஆய்வது, போனைக் கையில் பிடித்து அரை மணி நேரம் பார்ப்பது. கால் ஓய்வெடுக்கிறது, விரலுக்கு அது ஓவர்டைம். ஓய்வு என்றால் எந்த மூட்டு உழைத்ததோ அந்த மூட்டுக்கு ஓய்வு.

கணக்கின் மறுபக்கமும் உண்டு. வலிக்குப் பயந்து நாள் முழுக்கப் படுத்தே இருந்தால் தசை சூம்பும்; தசை போனால் மூட்டைத் தாங்க ஆளில்லை. நோய் சீறும் நாட்களிலும் ஒவ்வொரு மூட்டையும் நாளைக்கு ஓரிரு முறை, வற்புறுத்தாமல், அது போகும் தூரம் வரை அசைக்க வேண்டும். அடங்கிய நாட்களில் நடையும் தசைப் பயிற்சியும். பயிற்சி அதிகமானதா என்று தெரிய எளிய அடையாளம்: முடித்து இரண்டு மணி நேரம் ஆகியும் முன்பிருந்ததைவிட வலி கூடியிருந்தால் அளவு மிஞ்சிவிட்டது. அடுத்த முறை குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

சமையலறையில் விரல்கள் படும் பாடு

மூட்டைக் காக்கும் முறைக்கு அடிப்படை இரண்டுதான். சிறிய மூட்டு செய்யும் வேலையைப் பெரிய மூட்டுக்கு மாற்றுவது ஒன்று. இறுக்கிக் கிள்ளிப் பிடிப்பதையும் முறுக்குவதையும் தவிர்ப்பது மற்றொன்று. தளர்ந்த முட்டிகள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயக்கூடியவை. கிள்ளலும் முறுக்கலும் அந்தச் சாய்வுக்குத் துணைபோகும்.

இந்தக் கண்ணோடு நம் சமையலறையைப் பார்த்தால் முதல் குற்றவாளி இடுக்கி. குழம்போடு இரண்டு கிலோ தேறும் பாத்திரத்தை ஒரு கை இடுக்கியால் தூக்கும்போது கட்டைவிரல் அடிமூட்டும் மணிக்கட்டும் வாங்கும் சுமை மிக அதிகம். பாத்திரத்தை அடுப்பிலேயே விட்டு, கரண்டியால் சிறு கிண்ணத்துக்கு மாற்றிவிடலாம். இறக்கியே ஆகவேண்டுமென்றால் இரண்டு பக்கமும் காதுள்ள கடாயைத் தடித்த துணியோடு இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தலாம். கஞ்சி வடிப்பதை விட்டுவிடுவதே மேல். வடித்த சோறுதான் வேண்டுமென்றால் துளையுள்ள உள்பாத்திரத்தில் அரிசியை வேகவைத்து அதை மட்டும் தூக்கலாம். கொதிநீர் கீழேயே நிற்கும்.

அரிவாள்மணையைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். 'கத்திக்கு மாறுங்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். கத்தியில் ஆள்காட்டி விரலும் மணிக்கட்டும் அழுத்துகின்றன. அரிவாள்மணையில் காயை இரண்டு கையாலும் தள்ளுகிறோம், சுமை பரவுகிறது. அங்கே தொல்லை தரையில் உட்காருவதும், எழும்போது விரல்முட்டியை ஊன்றுவதும்தான். மேடை உயரத்தில் பொருத்திக்கொள்ளும் அரிவாள்மணை கிடைத்தால் விரல்களுக்கு அது கத்தியைவிட இதமானது. எதிலிருந்து எழுந்தாலும் மூடிய விரல்முட்டியை ஊன்றாமல் விரித்த உள்ளங்கையையோ முன்கையையோ ஊன்ற வேண்டும்.

கைப்பிடியைத் தடிமனாக்குவதற்கு வெளிநாட்டு உபகரணம் தேவையில்லை. ஏ.சி. குழாய் மேல் மாட்டும் கறுப்பு நுரைக்குழாய், ஏ.சி. உதிரிபாகக் கடைகளில் நீளமாகக் கிடைக்கும். பத்து சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, தோசைக்கரண்டி, டூத்பிரஷ், சீப்பு, துடைப்பம், பேனா எல்லாவற்றிலும் செருகிவிடலாம். பிடி தடித்தால் விரல் இறுக மடங்க வேண்டியதில்லை. தீ படும் இடத்தில் மட்டும் வேண்டாம். உள்ளே தண்ணீர் தங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் வாரம் ஒருமுறை கழற்றிக் காயவைக்க வேண்டும்.

குக்கர் மூடி வராமல் மல்லுக்கட்டுவதற்குப் பாதிக் காரணம் காய்ந்த கேஸ்கட். ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் வழுக்கும். பாட்டில் மூடியை விரல் நுனியால் திருகாமல், மேலே ரப்பர் விரிப்புத் துண்டை வைத்து உள்ளங்கையால் அழுத்தித் திருப்பலாம். ஈரத்துணியைப் பிழிவதற்குப் பதில், அதைக் குழாயைச் சுற்றிப் போட்டு இரண்டு முனையையும் சேர்த்து இழுத்தால் தண்ணீர் இறங்கும். மாவரைக்க, சாய்க்கும் வகை கிரைண்டர் என்றால் குழவியைத் தூக்கும் வேலை மிஞ்சாது. கடை மாவு வாங்குவதும் ஒன்றும் பாவமில்லை.

சில வேலைகளுக்கு உத்தி கிடையாது, ஆள்தான் வேண்டும். கேஸ் சிலிண்டரில் வாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்ந்தால் ஏறத்தாழ 30 கிலோ. நிறைகுடம், கிரைண்டர், சிலிண்டர் மூன்றையும் நிரந்தரமாக வீட்டில் வேறொருவர் பெயருக்கு எழுதிவைத்துவிட வேண்டும். "முடிஞ்சா கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று கேட்டால் உதவி வராது. "தண்ணி பிடிச்சு வைக்கிறது உன் வேலை, தினமும் காலையில" என்று சொன்னால் வரும்.

வெளியே போகும்போது கட்டைப்பையைக் கவனியுங்கள். நாலு கிலோ காய்கறி நான்கு விரலில் தொங்குகிறது. தோளில் மாட்டும் பையோ முதுகுப் பையோ அந்தச் சுமையைப் பெரிய மூட்டுக்கு மாற்றிவிடும். முன்பாதத்தில் கூழாங்கல்லை மிதிப்பதுபோல் வலிப்பவர்களுக்கு, சர்க்கரை நோயாளிகளுக்கெனத் தயாரிக்கும் எம்.சி.ஆர். செருப்பு நன்றாகவே உதவும். வீட்டுக்குள்ளும் போட வேண்டும். இந்தியன் டாய்லெட் மட்டுமே உள்ள வாடகை வீட்டில் அதன்மேல் வைக்கும் கமோடு ஸ்டூல் போதும், இடித்துக் கட்ட வேண்டியதில்லை.

மாத்திரை டப்பா

வீடுகளில் பெரும்பாலும் எல்லா மாத்திரையும் 'வலி மாத்திரை'தான். ஆனால் உள்ளே இரண்டு இனம் இருக்கிறது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்றவை வலியை அன்றைக்கு அடக்கும், நோயை நிறுத்தாது. மெத்தோட்ரெக்ஸேட், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்றவை நோயை அடக்கும். அன்றைய வலிக்குக் கேட்காது. இவை வேலை காட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாவது வாரத்திலேயே 'கேட்கவில்லை' என்று இதை நிறுத்திவிட்டு, உடனே கேட்கும் வலி மாத்திரையை வருடக்கணக்கில் தொடர்வது தலைகீழ். விரல் கோணுவதைத் தடுப்பது வலி மாத்திரை இல்லை, நோயை அடக்கும் மாத்திரைதான்.

மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள். இதைத் தினமும் போட்டுவிட்டால் வாய் முழுக்கப் புண், வெள்ளணுக்கள் சரிவு, உயிராபத்து. இந்தத் தவறு நடப்பதற்கு வழி இருக்கிறது. கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் பல கம்பெனிகளில் மெத்தோட்ரெக்ஸேட் போலவே சிறிய மஞ்சள் மாத்திரை. மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்துத் தரும்போது பெயர் அச்சிட்ட பக்கம் போய்விடும், மிச்சம் பெயரில்லாத நாலு மஞ்சள் மாத்திரை. எனவே முழு அட்டையாக வாங்குங்கள். தனி டப்பாவில் போட்டு, மேலே 'ஞாயிறு இரவு மட்டும்' என்று கிழமையை எழுதுங்கள். ஃபோலிக் ஆசிட்டை டாக்டர் சொன்ன வேறு கிழமையில் போடுங்கள். 2.5, 5, 7.5, 10, 15 மில்லிகிராம் என்று பல அளவில் வருவதால், 'ரெண்டு மாத்திரை' என்று மனப்பாடம் செய்யாமல் மில்லிகிராமைச் சரிபார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அளவு நிலைத்த பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகப் பரிசோதனை வேண்டும். காய்ச்சலோ தொற்றோ வந்த வாரத்தில் அந்த மாத்திரையைப் போடலாமா என்று கேட்டுவிட்டே போடுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு வேறு டாக்டரிடம் போனால் மெத்தோட்ரெக்ஸேட் போடுவதைச் சொல்லியே ஆகவேண்டும். அந்தத் தொற்றுக்குத் தரும் கோ-டிரைமாக்ஸசோல் இதோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் பல மாதம் முன்பே டாக்டரிடம் பேசி மருந்தை மாற்ற வேண்டும். மது வேண்டாம்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது கண் மருத்துவர்களின் வரம்பு. 50 கிலோ எடை என்றால் 250. எடை குறைந்தவர் வருடக்கணக்கில் 400 போட்டுக்கொண்டிருந்தால் கேட்க வேண்டிய கேள்வி இது. முதல் ஆண்டுக்குள் ஒரு கண் பரிசோதனை, ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுதோறும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதற்கும் முன்பே.

வலி மாத்திரையில் ஆபத்து இரட்டிப்பு. கடையில் வாங்கும் ஒரு மாத்திரையில் அசிக்ளோஃபினாக் 100, பாராசிட்டமால் 325 சேர்ந்தே இருக்கும். அதோடு காய்ச்சலுக்குத் தனியாகப் பாராசிட்டமால், முதுகுவலிக்கு வேறு டாக்டர் எழுதிய டைக்ளோஃபினாக் என்று சேர்ந்துகொண்டே போகும். ஒரே இனத்தில் இரண்டு போட்டால் வலி இரட்டிப்பாகக் குறையாது. வயிற்றுப்புண்ணும் சிறுநீரகச் சேதமும்தான் கூடும். ஸ்டீராய்டை மூன்று வாரத்துக்கு மேல் போட்டிருந்தால் திடீரென நிறுத்தக்கூடாது, உடல் தானாகச் சுரப்பதை அதற்குள் குறைத்திருக்கும். பெயரில்லாத மூட்டுவலிப் பொடி, இரண்டே நாளில் வலி பறந்துபோகிற மாதிரி கேட்டால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது ஆய்வகச் சோதனைகளில் பிடிபட்டதுண்டு.

"பரவாயில்லை டாக்டர்"

அரசு மருத்துவமனையில் வரிசை நின்று உள்ளே போனால் கிடைப்பது சில நிமிடம். "எப்படிம்மா இருக்கு?" "பரவாயில்லை டாக்டர்." அவ்வளவுதான், அதே சீட்டு மறுபடி. அந்தப் 'பரவாயில்லை'யில் எந்தத் தகவலும் இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் நான்கு வரி போதும்: காலை விறைப்பு எத்தனை நிமிடம், எந்தெந்த மூட்டு வீங்கியது, எத்தனை மாத்திரை விட்டுப்போனது, சென்ற மாதம் செய்ய முடிந்து இப்போது முடியாதது எது. "சட்டைப் பட்டன் போட முடியல" என்பது "ரொம்ப வலிக்குது" என்பதைவிட டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

ஒரு விவரம் பலருக்குத் தெரியாது. நோயின் வேகத்தை அளக்கப் பரவலாகப் பயன்படுத்தும் டாஸ்-28 முறையில் 28 மூட்டுகளை எண்ணுவார்கள்: தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல்கள், முழங்கால். பாதமும் கணுக்காலும் அந்தக் கணக்கிலேயே இல்லை. கை அடங்கி, பாதம் மட்டும் எரிந்துகொண்டிருந்தால் எண்ணிக்கை 'நன்றாக இருக்கிறது' என்று காட்டும். செருப்பைக் கழற்றிக் காட்டிச் சொல்ல வேண்டியது நோயாளிதான்.

வேலையிடம்

ஜவுளிக்கடை, மளிகைக்கடைகளில் நின்றே வேலை பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்த திருத்தம், எல்லா ஊழியர்களுக்கும் உட்கார இருக்கை தரவேண்டும் என்கிறது. மூட்டுகள் நிரந்தரமாகச் சேதமாகியிருந்தால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி இயக்கக் குறைபாட்டுச் சான்றிதழ் பெற முடியும். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு தேவை. நோயின் பெயரை வைத்து விழுக்காடு தரமாட்டார்கள். மூட்டு எவ்வளவு அசைகிறது, பிடிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை அளந்தே தருவார்கள். எக்ஸ்ரே, பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போக வேண்டும்.

நாளைக்குத் தள்ளக்கூடாதவை

வலியோடு பழகியவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும்: எல்லா வலியையும் பழைய வலியாகவே பார்ப்பது. ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து வீங்கி, கூடவே காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலம் தார் போல் கறுத்தால் வயிற்றில் ரத்தக்கசிவு இருக்கலாம். மெத்தோட்ரெக்ஸேட் போடுபவருக்கு வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால், அது சளியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. முடக்குவாதம் மாரடைப்பு அபாயத்தையும் கூட்டும் என்பதால் நெஞ்சுவலியை 'வாயு' என்று ஒதுக்கக்கூடாது. நீண்ட நாள் நோயாளிகளுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகள் தளர்ந்து விலகக்கூடும். பின்தலை வலியோடு கை மரத்துப்போவது, நடை தள்ளாடுவது அதன் அடையாளம். எந்த அறுவைக்குப் போனாலும், பல் பிடுங்க மயக்கம் கொடுத்தாலும்கூட, மயக்க மருந்து டாக்டரிடம் முடக்குவாதம் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் செருகும்போது கழுத்தை எவ்வளவு வளைக்கலாம் என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.